இரண்டு மைக், ஒரு காலி மண்டபம்: ஸ்லைடு கிட்டார் பதிவு, இதுவரை

கிட்டார் டோன் என்று பேச்செடுத்தாலே மரம், பிக்கப், ஆம்ப் என்று போய்விடுவார்கள். நானும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். அமெரிக்க கிட்டார் கலைஞர் ரை கூடரும் இந்துஸ்தானி இசைக்கலைஞர் விஸ்வமோகன் பட்டும் சேர்ந்து வாசித்த 'எ மீட்டிங் பை த ரிவர்' ஆல்பத்தை நல்ல ஹெட்ஃபோனில் கேட்ட பிறகு அந்தப் பேச்சில் ருசி போய்விட்டது. அதில் ஒலியைப் பெருக்கும் ஆம்பும் இல்லை, மாற்றும் பெடலும் இல்லை. ஆனாலும் அதைவிட உயிரோட்டமான ஸ்லைடு கிட்டார் (தந்திமேல் குழாயோ கம்பியோ உரசி வாசிப்பது) ஒலியை நான் கேட்டதில்லை. அதில் பாதியாவது நம்மால் எடுக்க முடியுமா என்று பார்க்கத்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

முதலில் அந்தப் பதிவைப் பற்றி. 1992 செப்டம்பரில், கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில், புனித அந்தோனியார் குருமடத்தின் கிறிஸ்து அரசர் சிற்றாலயத்தில் நடந்தது. பதிவு செய்தவர் இலங்கையில் பிறந்த கவிச்சந்திரன் அலெக்சாண்டர். வாட்டர் லில்லி அக்கூஸ்டிக்ஸ் அவருடைய நிறுவனம். வால்வு கருவிகள், அனலாக் டேப். ஈக்வலைசர், கம்ப்ரஷன், லிமிட்டர் என்று ஒலியைத் திருத்தும் எதுவுமே கிடையாது. கூடரும் பட்டும் முதல்முறையாகச் சந்தித்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை, ஒத்திகையும் இல்லை. தபலாவில் சுக்விந்தர் சிங் நாம்தாரி, தும்பெக் என்ற கோப்பை வடிவ மேளத்தில் கூடரின் மகன் யோவாக்கிம், அப்போது 14 வயதுப் பையன். 1994இல் கிராமி வாங்கியது. கிராமியை விடுங்கள், கடைசிப் பாட்டு 'இசா லெய்' ஒன்றை மட்டும் கேளுங்கள். ஃபிஜித் தீவுகளின் வழியனுப்புப் பாட்டு. ஒரு ஸ்வரத்தை இழுத்து விட்ட பிறகு, தந்தி அடங்கும் நேரமும் ஆலயம் அடங்கும் நேரமும் தனித்தனியாகக் காதில் விழும். அதோடு பட்டின் மோகன வீணையில் (அவரே மாற்றியமைத்த கிட்டார்), வாசிக்காமலே கூட அதிரும் தந்திகள் மெல்லியதாக ஒரு புகை மாதிரி எழும்பும்.

அங்கே மைக் வைத்த முறைக்குப் பெயர் ப்ளூம்லைன். இஎம்ஐ கம்பெனியின் பொறியாளர் ஆலன் ப்ளூம்லைன் 1931இல் ஸ்டீரியோவுக்கே காப்புரிமை கேட்டு விண்ணப்பித்த மனிதர். 1942இல் ரேடார் சோதனைக்குப் போன விமானம் விழுந்து இறந்துபோனார், வயது 38. அவர் முறை கேட்க எளிது. முன்னும் பின்னும் சமமாகக் கேட்கும், பக்கவாட்டில் கேட்காத, எட்டு வடிவ மைக் இரண்டு. ஒன்றின் தலைமேல் இன்னொன்று, நடுவே 90 டிகிரி. ஒன்று இடப்பக்கம் 45 டிகிரி, மற்றது வலப்பக்கம் 45. அவ்வளவுதான்.

ரிப்பன் மைக்குக்கு இந்த எட்டு வடிவம் இயல்பிலேயே உண்டு. காந்தத்துக்கு நடுவே மெல்லிய அலுமினிய நாடா, இரண்டு பக்கமும் திறப்பு. செகண்ட் ஹாண்டில் ஒரே மாடல் ஜோடி கிடைத்தது. ஆனால் ரிப்பனுக்கு 60 டெசிபலுக்குக் குறையாமல் கெய்ன், அதாவது ஒலிப்பெருக்கம் வேண்டும். என் ஆடியோ இன்டர்ஃபேஸில் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) குமிழைக் கடைசி வரை திருகினால் கிட்டாருக்கு இணையாக 'ஸ்ஸ்' என்ற இரைச்சலும் வந்தது. நடுவில் ஒரு சின்ன பூஸ்டர் பெட்டி போட்டதும் அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

வாசிக்கும் முன் ஒரு சோதனை செய்தேன். செய்பவர்கள் யாரும் இதைத் தவற விடக் கூடாது. ரெக்கார்டிங்கை ஓட விட்டு, மைக்கைச் சுற்றிக் கைதட்டிக்கொண்டே நடக்க வேண்டும். முன்னால் இருக்கும்வரை தட்டல் இடமிருந்து வலமாக ஒழுங்காக நகர்கிறது. பக்கவாட்டுக்குப் போனதும் ஒலி எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை, மண்டைக்குள் குறுகுறுக்கிறது. இரண்டு சேனலிலும் அலை எதிரெதிராக இருப்பதால் இரண்டையும் ஒன்றாகக் கலந்து மோனோவில் போட்டால் பெரும்பாலும் காணாமலே போகிறது. பின்னால் போனால் இடம் வலமாகிவிடுகிறது. அதாவது, வாசிப்பவர்கள் எல்லோரும் முன்பக்கத்து 90 டிகிரிக்குள் அடங்க வேண்டும். பின்பக்கம் முழுக்க அறைக்குச் சொந்தம்.

வீட்டில் சிக்கல் அங்கேதான். மைக்குக்குப் பின்னால் நான்கடியில் சுவர். ஒலி மில்லி செகண்டுக்கு ஓரடிக்குச் சற்று மேல் போகும். போய்த் திரும்ப எட்டடி, சுமார் 7 மில்லி செகண்ட். அவ்வளவு சீக்கிரம் திரும்பி வரும் எதிரொலியைக் காது தனியாகப் பிரிப்பதில்லை, டோனோடு சேர்த்தே கேட்கிறது. கிட்டாருக்கே மூக்கடைத்த குரல் வந்துவிட்டது. சுவரில் மெத்தையைச் சாய்த்தேன், போர்வை தொங்கவிட்டேன். மூக்கடைப்பு போனது, ஆனால் பீரோவுக்குள் உட்கார்ந்து வாசித்தது மாதிரி ஆகிவிட்டது.

ஆடி பிறந்தது. எங்கள் பக்கம் ஆடியில் கல்யாணம் கிடையாது. நண்பனின் தாய்மாமா பாளையங்கோட்டை பக்கம் ஒரு பழைய மண்டபம் வைத்திருக்கிறார். ஓட்டுக்கூரை, மரச் சட்டங்கள், நல்ல உயரம். சாவியோடு வந்த வாட்ச்மேன் அண்ணாச்சி எங்கள் சாமான்களைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, கச்சேரின்னாங்க, ஸ்பீக்கரையே காணோமே?" என்றார். "பதிவு மட்டும்தான் அண்ணாச்சி" என்றதும் நம்பிக்கையில்லாமல் ஃபேன்களை அணைத்தார். உண்மையில் அந்த ஃபேன்தான் முக்கியம். அணைத்ததும் மண்டபம் எவ்வளவு பெரியது என்று காது சொன்னது.

இங்கே பின்சுவர் நாற்பதடி தள்ளி. போய்த் திரும்ப 70 மில்லி செகண்ட் ஆகிறது. இப்போது டோனில் அது கலக்கவில்லை, மண்டபமாகத் தனியே நிற்கிறது. தரைதான் படுத்தியது. பளபளவென்று மொசைக். மைக்குக்கும் எங்களுக்கும் நடுவே ஜமுக்காளங்களை இரண்டு மடிப்பாக விரித்ததும் அந்தப் பளீர் சத்தம் அடங்கியது.

அப்புறம் தூரம். அரை மீட்டரில் பேஸ் கும்மென்று வீங்கியது. எட்டு வடிவ மைக்கின் சுபாவம் அது. மூன்று மீட்டரில் அழகாகத்தான் இருந்தது, ஆனால் தந்திமேல் கண்ணாடிக் குழாய் உரசும் அந்த நுண்ணிய சத்தம் தொலைந்தது. இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வைத்தபோது இரண்டுமே கிடைத்தன. நான் இடப்பக்கம் ஸ்லைடு, நண்பன் வலப்பக்கம் சாதாரண கிட்டார், நடுவில் கொஞ்சம் பின்னால் கஞ்சிரா. இரண்டே சேனல் என்பதால் பிறகு மிக்ஸ் செய்வதற்கு ஒன்றுமில்லை. கஞ்சிரா தூக்கலாக இருந்தால் ஆளைத்தான் பின்னுக்கு நகர்த்த வேண்டும். "மாப்ள, என்னை இப்படியே தள்ளிக்கிட்டு போனா வாசலுக்கே போயிருவேன்" என்றான் கஞ்சிராக்காரன்.

எதிர்பாராத பாடம் என் கையில் கிடைத்தது. இவ்வளவு தூரத்தில் மைக் இருக்கும்போது மெலிதாக வருடினால் ஒன்றும் போய்ச் சேராது. தடிமனான 13 கேஜ் தந்தி மாட்டி, ஆக்ஷனை (தந்திக்கும் கழுத்துக்கும் உள்ள இடைவெளியை) உயர்த்தி, கனமான ஸ்லைடுக்கு மாறினேன். ஓப்பன் டி ட்யூனிங், அதாவது தந்திகளை வெறுமனே மீட்டினாலே டி மேஜர் கார்டு வரும் சுதி. ஸ்லைடுக்குப் பின்னால் இடக்கை விரல்களைத் தந்திமேல் லேசாகப் படர விட்டால் வேண்டாத கிணுகிணுப்பு அடங்கும். பக்கத்தில் மைக் வைத்துப் பதிந்த காலத்தில் ஒப்பேற்றிக்கொண்டிருந்த விஷயம் இது. மண்டபம் அந்தக் கிணுகிணுப்பையும் சேர்த்துத் திருப்பித் தருகிறது.

இடையில் மூன்று கிட்டார் கலைஞர்களின் மேடைக் கச்சேரி ஆல்பமான 'ஃப்ரைடே நைட் இன் சான் பிரான்சிஸ்கோ'வையும் திரும்பக் கேட்டேன். 1980 டிசம்பர் 5, வார்ஃபீல்ட் அரங்கம். இடது காதில் பாக்கோ டி லூசியா, நடுவில் ஜான் மெக்லாஃப்லின், வலதில் அல் டி மியோலா. மூன்று பேரையும் மூன்று பெட்டியில் வைத்தது போன்ற துல்லியம், நகம் தந்தியில் படுவதுவரை கேட்கும். பிரமாதம்தான். ஆனால் அதில் நான் இடத்தைவிட விரல்களைத்தான் கேட்கிறேன். எனக்கு இப்போது இடம்தான் வேண்டியிருக்கிறது.

எங்கள் பதிவை ஆல்பத்தோடு ஒரே சத்த அளவில் வைத்துக் கேட்டேன். உரசல் கிட்டத்தட்ட வந்துவிட்டது. ஆழம் ஓரளவு. ஸ்வரம் அடங்கும் விதம் வரவில்லை; ஓட்டுக்கூரை, மேலே போகும் சத்தத்தைச் சீக்கிரம் வெளியே விட்டுவிடுகிறது என்று நினைக்கிறேன். ஒரு நல்ல டேக்கில் வெளியே போன குல்ஃபி வண்டியின் மணியும் வலப்பக்கம், பத்தடிக்கு அப்பால், துல்லியமாக விழுந்திருக்கிறது. நண்பன் அதை வெட்டச் சொல்கிறான், நான் மாட்டேன் என்கிறேன்.

ஆவணி முழுக்க முகூர்த்தம், மண்டபம் கிடைக்காது. அதற்குள் பழைய கல் கட்டடம் ஏதாவது பிடிக்க வேண்டும். பக்கத்து ஊர்ப் பங்குத்தந்தையிடம் கேட்டிருக்கிறோம். மாலைப் பூசை முடிந்த பிறகு என்றால் சரி, ஆனால் ஒன்பது மணிக்குக் கதவைப் பூட்டிவிடுவோம் என்றிருக்கிறார்.