'செட்' என்ற சொல்லுக்கு மூன்று புளியங்கொட்டை

யாழ்ப்பாணம் பொது நூலகத்தின் சிறுவர் பகுதியில் எடுத்துவந்த ஆங்கிலக் கதைப் புத்தகத்தை, மகள் விறாந்தையில் இருந்து எனக்கு வாசித்துக் காட்டினாள். மூன்றாம் தரம் படிக்கிறாள். 'சொன்னான்' என்று பொருள்படும் 'செட்' என்ற சொல் வந்ததும் 'சாயிட்' என்றாள். திருத்தினேன். அடுத்த வரியிலும் 'சாயிட்'தான். "எஸ், ஏ, ஐ, டி. அப்படித்தானே அம்மா எழுதியிருக்கிறது?" என்று ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துக் காட்டினாள்.

அவளைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. விசயதசமியில் ஏடு தொடக்கி, அரிசியில் 'அ' எழுதிய நாள்முதல், எழுத்தைக் கூட்டினால் சொல் வரும் என்று சொல்லிக்கொடுத்தவள் நான்தானே.

அதற்கு முன்பே மாலை வகுப்பு ஒன்றில் ஐம்பது ஆங்கிலச் சொற்களைப் போட்டோகொப்பி எடுத்துக் கொடுத்து, சனிக்கிழமைக்குள் பாடமாக்கச் சொல்லியிருந்தார்கள். பிள்ளை தேவாரம்போல வரிசையாக ஒப்புவித்தாள். நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் கேட்டால், முதலில் இருந்து சொல்லிக்கொண்டு வந்தால்தான் அது அகப்படும். வெள்ளி இரவு அந்தத் தாளின்மேலேயே அழுதபடி படுத்துவிட்டாள். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

இத்தகைய பட்டியல்கள் பலவற்றுக்கு மூலம் ஒன்றுதான். அமெரிக்கப் பேராசிரியர் எட்வர்ட் டோல்ச் 1936இல், சிறுவர் புத்தகங்களில் அடிக்கடி வரும் 220 சொற்களைத் தொகுத்தார். பெயர்ச்சொற்கள் 95ஐத் தனியாக வைத்தார். கண்டதும் சொல்லவேண்டிய சொற்கள் என்பது அந்த 220ஐத்தான். ஆனால் அவற்றில் 'இன்', 'இட்', 'ரன்', 'பிக்', 'ரெட்' போன்றவை எழுத்துக்கூட்டினாலே வந்துவிடும். அவற்றையும் சேர்த்துப் பாடமாக்கச் சொல்வது பிள்ளையின் மாலை நேரத்தைப் பறிப்பதாகும். நான் முதலில் செய்தது, அவற்றைப் பிரித்து அப்புறப்படுத்தியதுதான். மிஞ்சியவற்றைப் பால்மாப் பெட்டி மட்டையில் வெட்டி எழுதினேன். ஒரு கிழமைக்கு மூன்று மட்டை, அதற்குமேல் இல்லை.

'செட்' சொல்லுக்கு அடுப்படியில் இருந்து புளியங்கொட்டை எடுத்துவந்தேன். "எழுத்தை மற. வாயால் மெதுவாகச் சொல். ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு கொட்டை வை" என்றேன். ஸ், எ, ட். மூன்று கொட்டை வைத்தாள். பிறகு ஒவ்வொரு கொட்டையின் கீழும் அதற்குரிய எழுத்தை எழுதச் சொன்னேன். முதற்கொட்டைக்கு எஸ், கடைசிக் கொட்டைக்கு டி. இரண்டும் ஒழுங்காகத்தான் ஒலிக்கின்றன. நடுக்கொட்டையின் கீழ் மட்டும் ஏ, ஐ என்று இரண்டு எழுத்துகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அந்த இரண்டையும் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டாள். பாடமாக்கவேண்டியது அந்த வட்டத்துக்குள் இருப்பதை மட்டும்தான், சொல் முழுவதையும் இல்லை என்றேன். மூச்சு விட்டாள் பிள்ளை.

"ஏன் அம்மா இங்கிலீசு இப்படிப் பொய் சொல்கிறது?" என்று கேட்டாள்.

தமிழ்ப் புத்தகத்தை எடுத்து 'என்று' என்ற சொல்லைக் காட்டினேன். "நீ வீட்டில் இதை எப்படிச் சொல்வாய்?" "எண்டு." "எழுதும்போது?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு தானாகவே 'ஒன்று' என்று எழுதி, 'ஒண்டு' என்று வாசித்துச் சிரித்தாள். கடலில் வருகிற 'க' ஒன்று, தங்கத்தில் வருகிற 'க' வேறொன்று என்பதும் அவளுக்குத் தெரிந்ததுதான். யாரும் சொல்லிக்கொடுக்காமலே காதால் பிடித்த பிள்ளை அவள். எழுத்து ஒன்றும் ஒலி ஒன்றுமாக இருப்பது அவளுக்குப் புதிதில்லை. அதை அவளுக்கு நினைவுபடுத்த ஒருவரும் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

டபிள்யூ, ஏ, எஸ் என்று எழுதும் 'வொஸ்' சொல்லுக்கும் மூன்று கொட்டைதான். ஏயும் எஸ்ஸும் சிவப்பு வட்டத்துக்குள் போயின. இரவுச் சமையலுக்கு முன் சுளகில் அரிசியைப் பரப்பிக் கொடுத்தால், ஒலியைச் சொல்லிச் சொல்லி விரலால் எழுதுவாள், அழிப்பாள், மறுபடி எழுதுவாள். ஐந்து நிமிடம். சலிப்புத் தெரிந்தால் சுளகை எடுத்துவிடுவேன், அன்றைக்கு அதோடு சரி.

டி, எச், ஈ என்று எழுதும் 'த' சொல்லுக்குத் தமிழில் பொருள் சொல்ல முயன்று நான் தோற்றேன். நம் மொழியில் அப்படியொரு சொல்லே கிடையாது. ஆகவே அதைத் தனி மட்டையில் கேட்பதை விட்டுவிட்டு, கதைக்குள் வரும்போது மட்டும் காட்டுகிறேன். ஒரு பக்கத்தில் எத்தனை என்று எண்ணச் சொன்னால் ஆசையாக எண்ணுகிறாள்.

வெளியே போனால் மூன்று மொழிப் பெயர்ப்பலகைகள் இருக்கின்றன. கஸ்தூரியார் வீதியில் சைக்கிளின் பின்னால் இருந்தபடி, நகைக்கடைப் பலகைகளில் 'அன்ட்' எங்கே, 'ஓப்பின்' எங்கே என்று தேடுவாள். இரண்டும் டோல்ச்சின் பட்டியலில் உள்ளவைதான்.

நேற்று அதே கதைப் புத்தகத்தை மறுபடி எடுத்தாள். 'செட்' வந்தது. நிற்காமல் தாண்டிப் போனாள். நான் வாய் திறக்கவில்லை. மூன்று வரி தள்ளி ஓ, என், ஈ என்ற சொல்லில் விரல் நின்றது. "வன்" என்று சொல்லிக்கொடுத்தேன்.

"இதில் 'வ' எங்கே அம்மா இருக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே புளியங்கொட்டை எடுக்க அடுப்படிக்கு ஓடினாள்.