4895 என்ற எண்ணும் இரண்டு டப்பாக்களும்

.308 வின்செஸ்டர் ரைஃபிள் தோட்டாவை ரீலோடு செய்ய, அதாவது சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூட்டில் மறுபடி மருந்தும் குண்டும் நிரப்ப, ஆரம்பித்தபோது என் கையில் இருந்தது ஒரு துண்டுச்சீட்டுதான். சேர்ந்து சுடும் நண்பர் எழுதித் தந்தது: 168 கிரெய்ன் (சிறிய எடை அலகு) புல்லட், 4895 பவுடர் (வெடிமருந்து), இத்தனை கிரெய்ன். எடை போட உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன். என் டப்பாவில் எச் 4895 என்று இருந்தது. ஐஎம்ஆர் 4895 என்றும் ஒன்று உண்டு. இரண்டும் வேறு வேறு மருந்து, எரியும் வேகமும் ஒன்றல்ல. சீட்டில் வெறும் எண் மட்டும். அதைக் கிழித்துப் போட்டேன்.

அப்புறம் இரண்டு அச்சுக் கையேடுகளை எடுத்துக்கொண்டேன். ஒன்று பவுடர் தயாரிப்பாளருடையது, மற்றது புல்லட் தயாரிப்பாளருடையது. அதே பவுடர், அதே புல்லட் எடை. ஆனாலும் மருந்தின் உச்ச அளவில் ஒரு கிரெய்னுக்கு மேல் வித்தியாசம். முதலில் குழம்பினேன். கூர்ந்து படித்தபோது காரணம் தெரிந்தது: பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) வேறு, கேஸ் (தோட்டாவின் உலோகக் கூடு) வேறு, புல்லட்டை உட்கார வைத்த ஆழம் வேறு, சோதித்த பேரலும் (துப்பாக்கிக் குழல்) வேறு. ராணுவக் கேஸ்கள் பெரும்பாலும் தடித்த சுவர் கொண்டவை. உள்ளே இடம் குறையும்போது அதே மருந்துக்கு அழுத்தம் ஏறும். இந்தத் தோட்டாவுக்கு சாமி (அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டா உற்பத்தியாளர்களின் தர அமைப்பு) வைத்திருக்கும் உச்ச அழுத்தம் 62,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு பவுண்டு). அங்கே ஊகத்துக்கு இடமே கிடையாது. இரண்டில் குறைந்த உச்சத்தையே என் எல்லையாக வைத்து, அதிலிருந்து 10 சதவீதம் கீழே தொடங்கினேன்.

இந்தப் பவுடரை விரும்ப இன்னொரு காரணமும் உண்டு. கேஸின் பெரும்பகுதியை அது நிரப்பிவிடும், தவறி இரண்டு முறை ஊற்றினால் வெளியே வழிந்து காட்டிக்கொடுக்கும். வேகமாக எரியும் மருந்து கொஞ்சமாகக் கிடந்தால் இரட்டை அளவுகூட கண்ணில் படாது. மேசையில் எப்போதும் ஒரே டப்பாதான் வைக்கிறேன். லேபிள் போன பவுடரை நிறம் பார்த்து அடையாளம் சொல்லவே முடியாது.

தராசு விஷயத்தில் ஒரு நாள் வீணானது. பேட்டரி தளர்ந்ததில் எடை நகர்ந்துகொண்டே போயிருக்கிறது. சோதனை எடைக்கல்லை வைத்துப் பார்த்ததால் பிடிபட்டது. அன்று நிரப்பிய அத்தனையையும் கொட்டிவிட்டேன். 0.1 கிரெய்ன் என்பது வெறும் 6.5 மில்லிகிராம்.

மருந்தை 0.3 கிரெய்ன் படிகளாகக் கூட்டினேன், படிக்கு 5 தோட்டா. மூன்றாவது படியில் குண்டுகள் இலக்கில் நெருங்கி விழுந்தன. ஐந்தாவதில் போல்ட் (குழலின் பின்பக்கத்தை அடைக்கும் பூட்டு) திறக்கக் கனத்தது, பிரைமர் தட்டையாகியிருந்தது; இரண்டும் அழுத்தம் மிஞ்சியதன் அடையாளம். என் எல்லையை இன்னும் தொடவில்லைதான், ஆனாலும் அங்கேயே நிறுத்தினேன். தோட்டாக்களை வெயிலில் வைத்திருந்தது என் தவறு, சூட்டில் அழுத்தம் கூடும். மீதியை, குண்டைக் கழற்றும் கருவியான புல்லட் புல்லரால் பிரித்துவிட்டேன்.

இப்போது மூன்றாவது படியிலேயே இருக்கிறேன். பிரைமர் தீரப்போகிறது. புதியது வேறு ரகம் என்றால் மறுபடி கீழிருந்துதான்.