மசாய் மாராவுக்கு முன்னால் கிண்டி

கென்யா போவதென்று முடிவானதும், கொசு பரப்பும் மஞ்சள் காய்ச்சலுக்கான தடுப்பூசிக்கு முதலில் நாள் வாங்கியது சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில்தான். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ், ஊசி போட்டு 10 நாள் ஆன பிறகுதான் செல்லும். கிளம்புகிற வாரத்தில் போய் நின்றால் யாராலும் உதவ முடியாது. ஒரே குப்பியில் பல பேருக்கான மருந்து இருக்கும். கலக்கிவிட்டால் சில மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும். அதனால் முன்பதிவு இல்லாமல் போய் உடனே போட்டுக்கொண்டு வந்துவிடலாம் என்று நம்பாதீர்கள்.

ஊசி ஒரு நொடிதான், கேள்விகள்தான் அதிகம். “முட்டை ஒத்துக்குமா?” என்பது முதல் கேள்வி. தடுப்பு மருந்தைக் கோழி முட்டைக் கருவில் வளர்க்கிறார்கள், அதற்காக. என்னை விட்டுவிட்டு அம்மாவிடம்தான் டாக்டர் நெடுநேரம் பேசினார். இது வீரியம் குறைத்த, உயிருள்ள வைரஸ். 60 வயதைத் தாண்டியவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு வருவது அரிது என்றாலும், மற்றவர்களைவிட வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்.

“அவசியம் போயே ஆகணுமாம்மா?”

“யானையைக் காட்டுல வச்சுப் பார்க்கணும் டாக்டர்.”

அம்மா சாப்பிடும் மாத்திரைச் சீட்டை வரி வரியாகப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றார். அந்த நிதானத்துக்காக அவரை மறக்கமாட்டேன். அப்புறம் அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்து, மஞ்சள் அட்டையில் பாஸ்போர்ட் எண் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்கள். முன்பெல்லாம் இந்த அட்டைக்கு 10 ஆண்டுதான் ஆயுள். 2016 ஜூலையிலிருந்து வாழ்நாள் முழுக்கச் செல்லும். விஞ்ஞானி மாக்ஸ் தைலர் 1937-ல் உருவாக்கிய 17டி என்ற வீரியம் குறைத்த வைரஸ் வகையிலிருந்து வந்த தடுப்பு மருந்துதான் இன்றைக்கும். நோய் வந்துவிட்டால் வைரஸைக் கொல்ல தனி மருந்து கிடையாது, வராமல் தடுப்பதுதான் வழி.

இவ்வளவு தெரிந்தும், “ஊசியே வேண்டாம், அட்டையை மட்டும் வாங்கித் தர்றேன்” என்று ஒரு ஏஜெண்ட் சொன்னபோது எனக்குக் கோபம் அடங்கவில்லை. கென்யாவில் 2022-ல்கூட இசியோலோ பக்கம் இந்தக் காய்ச்சல் பரவியது.

வனவிலங்குகளைப் பார்க்கப் போன மசாய் மாராவில் கூடாரத்துக்குள் நல்ல கொசுவலை கட்டியிருந்தார்கள். அது ராத்திரியில் கடிக்கும் மலேரியாக் கொசுவுக்கு. மஞ்சள் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும், அதுவும் காலையிலும் சாயங்காலமும், சஃபாரி ஜீப்பில் நாம் கூரையைத் திறந்துவிட்டு நிற்கிற அதே நேரத்தில். முழுக்கைச் சட்டை, சாக்ஸ், டீட் என்ற கொசு விரட்டி கலந்த கிரீம் மூன்றும் வேண்டும். முதலில் சன்ஸ்கிரீன், அது காய்ந்த பிறகு மேலே கொசு கிரீம். மலேரியா மாத்திரை தனி, அதற்கு இந்த ஊசி ஈடாகாது.

இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவர்களுக்கு இந்த அட்டையைக் கட்டாயமாக்கியிருப்பது கென்யா இல்லை. திரும்பி வரும்போது நம் நாடுதான் கேட்கிறது. சென்னை விமான நிலைய சுகாதார மேசையில் அம்மாவின் அட்டையில் இருந்த தேதியை விரல் வைத்துப் பார்த்தார் அதிகாரி. அட்டை இல்லாமல் வந்தால் 6 நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். இந்தியாவில் மஞ்சள் காய்ச்சல் இல்லை. ஆனால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டைதான் இதையும் பரப்புகிறது. அது நம் மொட்டைமாடித் தொட்டியில் வளர்கிறது. அந்தக் கொசு கடிக்கிற நம் தெருக்காரர்கள் யாரும் இந்த ஊசி போட்டவர்கள் இல்லை.