மாத்திரை போட்டுக்கிட்டு வாங்க

"இந்த மாத்திரைதான் என் இடுப்பத் தின்னுருச்சா தம்பி?" என்று பிசியோதெரபிக்காக என்னிடம் வரும் அந்தம்மா கேட்டார். "அப்படி உறுதியா சொல்ல முடியாதும்மா" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் அந்தப் பதிலை இன்னும் நோண்டிக்கொண்டே இருக்கிறேன்.

கையில் இரண்டு எக்ஸ்ரே வைத்திருந்தார். பழையதில் இடுப்பு மூட்டின் பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே இடைவெளி ஒடுங்கியிருந்தாலும் கண்ணுக்குத் தெரிந்தது. புதியதில் எலும்போடு எலும்பு. இடைப்பட்ட காலம் முழுக்க டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை. எழுதிக் கொடுத்தது மருத்துவர், சொன்ன கெடு முடிந்த பிறகும் தொடர்ந்தது அவராகவே. இப்படிச் சொன்னால் பழி மாத்திரை மேல்தான் விழும். ஆனால் தேய்மானம் கூடினால் வலி கூடும், வலி கூடினால் மாத்திரையும் கூடும். அதிகம் விழுங்கியவர்களின் மூட்டு அதிகம் கெட்டிருப்பதில் என்ன அதிசயம்? எது முந்தியது என்று எக்ஸ்ரே சொல்லாது.

இந்தச் சந்தேகத்துக்கு வயது அதிகம். 1989-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வில், இடுப்பு மூட்டு தேய்ந்தவர்களில் ஒரு பிரிவினருக்கு இண்டோமெதாசினும் இன்னொரு பிரிவினருக்கு அசாப்ரோபசோனும் கொடுத்தார்கள். இரண்டும் வலி மாத்திரைகள்தான். முதலாவது, வலியையும் வீக்கத்தையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைப் பலமாகத் தடுப்பது, மற்றது அவ்வளவாகத் தடுக்காதது. இண்டோமெதாசின் எடுத்தவர்கள் அறுவை சிகிச்சைக் கட்டத்தை முன்னதாகவே எட்டினார்கள். பிறகு 2005-இல் ராட்டர்டாம் நகரத்து முதியவர்களைப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வு. டைக்ளோஃபெனாக்கை 180 நாளுக்கு மேல் எடுத்தவர்களுக்கு இடுப்புத் தேய்மானம் முற்றும் வாய்ப்பு ஏறக்குறைய 2.4 மடங்கு. அதே இனத்து இபுப்ரோஃபெனில் அப்படித் தெரியவில்லை.

(ஸ்டீராய்டு விஷயம் வேறு. அதிக அளவில், நீண்ட நாள் எடுத்தால் தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் குறைந்து அந்த எலும்பே செத்துப்போகலாம். அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள்தான் அதிகம்.)

என்னை உறுத்துவது 2.4 என்ற எண் இல்லை. அதே ஆய்வாளர்கள் முடிவில் எழுப்பிய கேள்வி. மருந்து நேராகக் குருத்தெலும்பைக் கெடுக்கிறதா, அல்லது வலி அடங்கிய தைரியத்தில் ஆள் மூட்டின் மேல் கூடுதல் சுமையை ஏற்றுகிறாரா? முதலாவது என்றால் அது மருந்து எழுதுபவர் பாடு. இரண்டாவது என்றால் பிசியோதெரபிஸ்ட்டான என் மேசைக்கு வந்துவிடுகிறது.

ஏனென்றால் நான் பல பேரிடம் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: "வர்றதுக்கு அரை மணி முன்னாடி மாத்திரை போட்டுக்கிட்டு வாங்க." காரணமில்லாமல் சொல்வதில்லை. வலியோடு பயிற்சி செய்ய முடியாது. பயிற்சி இல்லாவிட்டால் இடுப்பைச் சுற்றியுள்ள தசை வற்றும், தசை வற்றினால் மூட்டின் பாடு இன்னும் மோசம். சாதாரணமாக நடக்கும்போதே அந்த மூட்டு உடல் எடையைப் போல் சுமார் இரண்டரை மடங்கு தாங்குகிறது. வலிக்கிற காலுக்கு எதிர்க்கையில் ஒரு குச்சி பிடித்தால் அதில் நல்ல பங்கு குறையும். வலி இல்லாத நாட்களில் அந்தம்மா குச்சியை வைத்துவிட்டு வருவார். "பரவால்லையே" என்று நானும் சொல்லியிருக்கிறேன். அதைத் தப்பென்று இப்போதும் என்னால் எண்ண முடியவில்லை. நிமிர்ந்து நடந்த ஒருவரிடம் வேறென்ன சொல்வது?

ஆனால் டானெசுமாப் கதை நினைவுக்கு வருகிறது. நரம்பு வளர்ச்சிக் காரணியைத் தடுத்து வலியை அடக்கும் ஊசி அது. மூட்டுகள் மளமளவென்று சிதைவதாகத் தகவல் வரவும், 2010-இல் அதன் சோதனைகளை அமெரிக்காவில் நிறுத்தி வைத்தார்கள். ஊசியோடு அழற்சி அடக்கும் வலி மாத்திரையும் சேர்த்து எடுத்தவர்களுக்கே அந்தச் சிதைவு அதிகம். அதைப் படித்த அன்று என் அரை மணிக் கணக்கை நினைத்துக்கொண்டேன். உடனே, அது வேறு மருந்து, வேறு வழி என்றும் சொல்லிக்கொண்டேன். அது உண்மையும்கூட.

என் பதிலைக் கேட்டு அந்தம்மா கோபப்படவில்லை. "டாக்டரும் இதேதான் சொன்னாரு. அப்ப யாருக்குத்தான் தெரியும்?" என்றார். ஆமாம் என்றிருந்தால், நானே விழுங்கினேன், நானே கெடுத்துக்கொண்டேன் என்று கிடந்து மறுகியிருப்பார். இல்லை என்றிருந்தால் அதுதான் பொய். வயிற்றுப் புண்ணையும் சிறுநீரகத்தையும் பற்றி எல்லோரிடமும் தயங்காமல் எச்சரிக்கிறேன், அவை நிரூபணமானவை என்பதால். நிரூபணமாகாததை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டுமா? அப்படிப் பார்த்தால் எந்த மாத்திரையையும் யாரும் தொட முடியாது. இந்த வாதம் எனக்கு வசதியாக இருப்பதாலேயே அதன் மேல் முழு நம்பிக்கை வரமாட்டேன் என்கிறது.

மூட்டு மாற்றிக்கொண்டு மறுபடி என்னிடமே வந்தார். மருந்துச் சீட்டில் இண்டோமெதாசின் இருந்தது. அறுவைக்குப் பிறகு தசைக்குள் தேவையில்லாமல் எலும்பு முளைக்காதிருக்க சிலருக்கு அதைக் கொடுப்பதுண்டு. "இதுவும் அந்த இனந்தானா?" என்றார். ஆமாம், ஆனால் கொஞ்ச நாளைக்குத்தான், காரணமும் வேறு என்றேன். "சரி, இனிமே கடிச்சா இரும்பத்தான் கடிக்கணும்" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மாத்திரை போட்டுக்கொண்டு வரச் சொல்வதை நான் நிறுத்தவில்லை. என்ன மாத்திரை, எத்தனை மாதமாக என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறேன். நாள் அதிகமென்றால் மருத்துவரிடம் திருப்பி அனுப்புகிறேன். வலி இல்லாத அன்றும் குச்சியை விடாதீர்கள் என்று சேர்த்துச் சொல்கிறேன். "வலியே இல்லையே சார், அப்புறம் எதுக்குக் குச்சி?" என்கிறார்கள். விளக்குகிறேன், தலையாட்டுகிறார்கள். அடுத்த முறை குச்சி இல்லாமல்தான் வருகிறார்கள்.