தெருக் குழு, தேர்தல் மாதம்

மார்ச் 16, 2024, சனி

மூன்று மணிக்குத் தேதி அறிவித்தார்கள். தமிழ்நாட்டுக்கு ஏப்ரல் 19, முதல் கட்டத்திலேயே. நாலு மணிக்குள் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் சின்னம், கொடி, தலைவர் படம் எல்லாம் வந்து இறங்கிவிட்டன. மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் பால் எங்கே கிடைக்கும், படகு எந்தத் தெரு வரை வரும் என்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்த குழு இது. கரண்ட் இல்லாத அந்த நாட்களில் போனில் இருந்த கொஞ்சநஞ்ச சார்ஜை இதற்காகத்தான் மிச்சம் பிடித்தோம். "கட்சிப் பதிவுகள் வேண்டாம்" என்று எழுதிப் போட்டேன்.

மார்ச் 17

பன்னிரண்டு பேர் கட்டைவிரல் போட்டார்கள். கோடி வீட்டு அண்ணன் போடவில்லை.

மார்ச் 22

கோடி வீட்டு அண்ணனின் வீடியோவை நீக்கினேன். மூன்று தடவை தனியாகச் சொல்லியும் நாலாவது தடவை போட்டார், எனக்கு வேறு வழி தெரியவில்லை. நீக்கினால் சத்தமில்லாமல் போய்விடும் என்று நினைத்திருந்தேன், ஆனால் அட்மின் நீக்கியதாக என் பேரோடு அங்கேயே ஒரு வரி நிற்கிறது, இருநூறு வீடும் பார்க்கிற மாதிரி. பத்து நிமிடத்தில் வெளியேறிவிட்டார். டிசம்பரில் இடுப்பளவு தண்ணீரில் பால் பாக்கெட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்து அம்மாவுக்குக் கொடுத்த மனிதர். "வச்சுக்கம்மா, காசு அப்புறம்" என்றார். அப்புறம் வாங்கவே இல்லை.

மார்ச் 23

இன்னும் சேரவில்லை.

ஏப்ரல் 2

யாராவது எதையாவது போட்டால் அட்மினைத்தான் உள்ளே தள்ளுவார்கள் என்று தம்பி பயமுறுத்தினான். தேடிப் படித்தேன். உறுப்பினர் போடுவதற்கு அட்மின் பொறுப்பில்லை என்று கேரள உயர் நீதிமன்றம் 2022இல் சொல்லியிருக்கிறது. சரி. ஆனால் என் பயம் போலீஸ் இல்லை.

ஏப்ரல் 9

தூக்கம் வரவில்லை. "மழைநீர் வடிகால் வேலை முடியவில்லை, ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் கேளுங்கள்" என்று பின்தெரு அக்கா எழுதியிருந்தார். விட்டுவிட்டேன். வடிகால் எங்கள் பிரச்சினை, தண்ணீர் எங்கள் வீட்டுக்குள்தான் வந்தது, அதைப் பேசாமல் இந்தக் குழு எதற்கு? ஆனால் அந்த அக்கா எந்தக் கட்சி என்று தெருவுக்கே தெரியும். அண்ணன் போட்ட வீடியோவிலும் வெள்ளம்தான் இருந்தது, கடைசியில் ஒரு சின்னம், அவ்வளவுதான். சின்னத்தைப் பார்த்து நீக்கினேனா, ஆளைப் பார்த்தா? நேர்மையாக இருந்தேன் என்று இன்று காலை வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 10

அக்காவின் பதிவையும் நீக்கலாமா என்று யோசித்தேன். நீக்கவில்லை. வடிகாலைப் பற்றி யார் பேசினாலும் இருக்கட்டும்.

ஏப்ரல் 17

மாலை 6 மணிக்குப் பிரச்சாரம் முடிந்தது. குழுவையும் மூடினேன், வெள்ளிக்கிழமை மாலை வரை அட்மின் மட்டும்தான் எழுத முடியும்.

ஏப்ரல் 18

பட்டியலில் பேர் இல்லாவிட்டால் ஆதாரைக் காட்டி 'சேலஞ்ச் ஓட்டு' கேட்கலாமாம், டெண்டர் ஓட்டு 14 சதவீதத்தைத் தாண்டினால் மறு வாக்குப்பதிவாம். இரட்டை அம்புக்குறியோடு எனக்கே ஐந்து பேர் தனியாக அனுப்பிவிட்டார்கள். 2019இலும் இதேதான் சுற்றியது. மூடிய குழுவில் நானே எழுதினேன்: பட்டியலில் பேர் இல்லையென்றால் ஓட்டு இல்லை. சேலஞ்ச் என்பது வந்திருப்பவர் அவர்தானா என்று பூத் ஏஜென்ட் இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபிப்பது. டெண்டர் ஓட்டு, நம் பேரில் வேறு யாரோ முன்பே போட்டுவிட்டிருந்தால் வாக்குச்சீட்டில் போடுவது. தயவுசெய்து இன்றைக்கே பட்டியலைப் பாருங்கள்.

மதியம் தண்ணீர் லாரி வந்திருக்கிறது. பார்த்தவர்களால் குழுவில் சொல்ல முடியவில்லை. பாதித் தெருவுக்குத் தண்ணீர் இல்லை. நான் மூடியதால்தான்.

அண்ணன் அந்தப் புரளியை நம்பியிருப்பாரோ?

ஏப்ரல் 19

வரிசையில் எனக்கு நாலு பேர் முன்னால் நின்றார். பேர் இருக்கிறது, நல்லவேளை. ஒரு தடவை திரும்பினார். நான் பேச வாயெடுப்பதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

6 மணிக்குக் குழுவைத் திறந்தேன்.

ஏப்ரல் 20

நாளை காலை ஆறு மணிக்கு லாரி. குழுவில் போட்டாகிவிட்டது. கோடி வீட்டுக்கு யார் சொல்வது? விளக்கு எரிகிறது, செருப்பை மாட்டிக்கொண்டு