எங்கே வதிகிறீர்கள் என்று கேட்கும் கடிதம்

நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன்னும் பின்னுமான வாரங்களில் எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்களின் கையில் பெரும்பாலும் ஒரே வகைக் கடிதம்தான் இருக்கும். சுவிஸில் இருந்து வந்தவருக்கு ஜேர்மன் மொழியில், கனடாக்காரருக்கு ஆங்கிலத்தில், ஒஸ்லோவில் இருந்தவருக்கு நோர்வேஜிய மொழியில். அனுப்பியது அவர்கள் கணக்கு வைத்திருக்கும் வங்கி. வரி விடயத்தில் நீங்கள் எந்த நாட்டில் வதிகிறவர், அந்த நாட்டில் உங்கள் வரி அடையாள இலக்கம் என்ன என்பதுதான் கேள்வி. கீழே ஒரு திகதி. அதற்குள் பதில் வராவிட்டால் கணக்கு முடக்கப்படலாம் என்று ஒரு வரி.

யாழ்ப்பாணத்தில் ஒரு வங்கியின் வெளிநாட்டு நாணயப் பிரிவில் வேலைசெய்துவிட்டு, இப்போது வரிக் கணக்குப் பார்க்கும் சிறிய அலுவலகம் ஒன்றில் இருக்கிறேன். அங்கே இருந்தபோது இந்தப் படிவத்தை நீட்டுகிற பக்கம் நின்றேன். இப்போது அதை வாங்கிக்கொண்டு வருகிறவர்களின் பக்கம் நிற்கிறேன். எங்கள் ஆட்கள் இதற்கு ஏன் இவ்வளவு பயப்படுகிறார்கள் என்பது இந்தப் பக்கம் வந்த பிறகுதான் முழுதாக விளங்கியது.

"நீ எங்கே இருக்கிறாய்" என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் கொடுப்பது ஒரு தலைமுறைக்கு இங்கே சாதாரண விடயமாக இருக்கவில்லை. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று படத்தோடு பதிந்து வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. வெளிநாட்டுக்குப் போனவர்களுக்கோ, அகதி விண்ணப்பத்தில் எழுதிய ஒரு திகதியும் ஒரு ஊர்ப்பெயரும் வாழ்க்கையைத் தீர்மானித்தன. அப்படி வாழ்ந்த ஒருவர் எழுபது வயதில் கொக்குவிலில் ஒரு வீட்டைத் திருத்தி நிம்மதியாக இருக்கும்போது, வங்கி அதே கேள்வியைத் திரும்பக் கேட்டால் அவருடைய கை நடுங்கத்தான் செய்யும். இதை விளங்காமல் "இது சும்மா ஒரு போம் ஐயா" என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

கடிதம் யாரையும் சந்தேகப்பட்டு வருவதில்லை. 2014இல் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்திக்கான அமைப்பு ஒரு பொது அறிக்கையிடல் முறையை ஏற்றுக்கொண்டது. வங்கிக்காரர் அதைச் சி.ஆர்.எஸ். என்பார்கள். பிரித்தானியா, பிரான்ஸ், ஜேர்மனி, நோர்வே ஆகிய நாடுகள் 2017இலும், கனடா, சுவிஸ், அவுஸ்திரேலியா 2018இலும் தகவல் பரிமாறத் தொடங்கின. வங்கி தன் நாட்டு வரித் திணைக்களத்துக்குக் கொடுக்கும். அது மற்ற நாட்டுக்கு அனுப்பும். பெயர், முகவரி, பிறந்த திகதி, வரி இலக்கம், கணக்கு இலக்கம், வருட முடிவில் இருந்த மிகுதி, கிடைத்த வட்டி. எந்தத் தகவல் எந்த நாட்டுக்கு எப்போது போகும் என்பது அந்த நாடுகளுக்கிடையிலான உடன்பாட்டைப் பொறுத்தது. ஆனால் புதிதாகக் கணக்குத் திறக்கும் எல்லாரிடமும் கேட்டு வைத்திருப்பது வங்கியின் கடமை.

ஒருவருக்குக் கடிதம் வருகிறது, பக்கத்து வீட்டுக்காரருக்கு வரவில்லை என்றால் அதற்கும் காரணம் இருக்கிறது. ஏற்கெனவே உள்ள கணக்கில் வேறு நாட்டு முகவரி இருந்தாலோ, வேறு நாட்டுத் தொலைபேசி இலக்கம் மட்டும் இருந்தாலோ, வேறு நாட்டுக் கணக்குக்குக் காசு அனுப்பும் நிலையான கட்டளை இருந்தாலோ, அங்கே இருக்கும் ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் செயற்படும் அதிகாரம்) கொடுத்திருந்தாலோ வங்கி கேட்டே ஆகவேண்டும். ஊரில் வந்து இருந்துகொண்டு பூச்சியம் பூச்சியம் தொண்ணூற்று நான்கில் தொடங்கும் இலங்கைக் கைபேசி இலக்கத்துக்கு வங்கிச் செயலியில் மாற்றினால், அடுத்த மாதம் கடிதம் வரும். பலருக்கு நடந்தது இதுதான்.

சூரிச் பக்கம் நீண்டகாலம் உணவகத்தில் வேலைசெய்து ஓய்வு பெற்ற ஒரு ஐயா. சுவிஸ் குடியுரிமை. அங்கே தன் நகரசபையில் பதிவை முறைப்படி நீக்கிவிட்டு மனைவியோடு இங்கே வந்துவிட்டார். வருடம் முழுக்க இங்கேதான். கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்: "பிள்ளை, என்ரை பாஸ்போர்ட் சுவிஸ். பென்சனும் அங்கையிருந்துதான் வருது. அப்ப சுவிஸ் எண்டுதானே எழுதவேணும்?"

இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்வதில்லை என்று வைத்திருக்கிறேன். முதலில் படிவத்தை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, ஐயா எங்கே படுத்து எழும்புகிறார், அங்கே வீடு அல்லது வாடகை அறை ஏதும் இருக்கிறதா, அம்மா எங்கே, மருத்துவக் காப்புறுதி இன்னும் ஓடுகிறதா, கடைசியாக எப்போது அங்கே வரிப் படிவம் நிரப்பினீர்கள் என்று கேட்பேன். பேசிக்கொண்டு போனால் பதில் தானாக வந்துவிடும். குடியுரிமை வேறு, வரி வதிவிடம் வேறு. குடியுரிமையைப் பார்த்து வரி கேட்கும் பெரிய நாடு அமெரிக்கா. மற்ற நாடுகள் அநேகமாக ஆள் எங்கே வாழ்கிறார் என்றுதான் பார்க்கின்றன. இலங்கையில் 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டப்படி, 12 மாத காலத்தில் மொத்தமாக 183 நாட்களோ அதற்கு மேலோ இங்கே இருந்தால் அவர் வதிபவர். எங்கள் வரி வருடம் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. ஐயாவின் விடயத்தில் நாள் எண்ணவே தேவையில்லை. அவர் இலங்கையில் வதிபவர், அவ்வளவுதான்.

பிறகு வரி இலக்கம். அந்தக் கட்டத்தில் அவர் ஏற்கெனவே பென்சிலால் ஒன்பது இலக்கம் எழுதி வைத்திருந்தார். பார்த்தவுடன் தெரிந்தது, அது அவருடைய பழைய தேசிய அடையாள அட்டை இலக்கம், கடைசி எழுத்தை மட்டும் விட்டுவிட்டு. பழைய அடையாள அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும். உள்நாட்டு இறைவரித் திணைக்களம் தரும் வரி அடையாள இலக்கமான ரின் நம்பரும் ஒன்பது இலக்கம். கனடாவின் சமூகக் காப்புறுதி இலக்கமும் ஒன்பது. பெட்டிகள் சரியாக நிரம்பிவிடுவதால் பிழை என்று ஒருவருக்கும் தோன்றாது. சுவிஸ் முதியோர் காப்புறுதி இலக்கத்தை எழுதுகிறவர்களை எளிதாகக் கண்டுபிடித்துவிடலாம், அது 756இல் தொடங்கும் 13 இலக்கம். இந்த ஒன்பதுதான் கண்ணுக்குத் தப்பிவிடும். சுவிஸ் சட்டத்தில் வேண்டுமென்று பொய்யான வதிவிட உறுதிமொழி கொடுத்தால் 10,000 பிராங் வரை தண்டப்பணம் உண்டு. ஐயா வேண்டுமென்று செய்யவில்லை. ஆனாலும் அந்தக் கையெழுத்துக்கு ஒரு பெறுமதி இருக்கிறது என்பதை அவரிடம் சொல்லத்தான் வேண்டும். அவருக்கு ரின் நம்பரே இருக்கவில்லை. இணையவழி விண்ணப்பித்து, அது வரும்வரை "விண்ணப்பித்துள்ளேன்" என்று வங்கிக்கு எழுதி, வந்தபின் இலக்கத்தை அனுப்பினோம். வங்கி ஏற்றுக்கொண்டது. பதில் போடாமல் இருப்பதைவிட அரைப் பதில் எவ்வளவோ மேல்.

முகவரிச் சான்று இன்னொரு இடர். கரண்ட் பில் கேட்பார்கள். இங்கே பாதி வீடுகளின் கரண்ட் பில் இறந்துபோன தகப்பன் பேரில் ஓடுகிறது. ஒழுங்கைக்குப் பெயர் இருக்கும், வீட்டுக்கு இலக்கம் இருக்காது. கிராம அலுவலரின் வதிவிடச் சான்றிதழை எடுத்து, மொழிபெயர்த்து, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் முத்திரையோடு அனுப்பினால் பெரும்பாலான வங்கிகள் ஏற்கின்றன.

பெயரிலும் சிக்கல். எங்கள் ஊர்ப் பத்திரங்களில் தகப்பன் பெயர் முதலில், சொந்தப் பெயர் பிறகு. ஐரோப்பாவில் பதிந்த அதிகாரி எதைக் குடும்பப் பெயராக எடுத்தாரோ அதுவே நிலைத்துவிட்டது. ஒரே வீட்டில் தகப்பனுக்கு ஒரு குடும்பப் பெயர், மகனுக்கு வேறு. பிறந்த திகதியும் சிலருக்கு இரண்டு. 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வில் பத்திரங்களைத் தொலைத்துவிட்டு, பிறகு நினைவில் இருந்ததைச் சொல்லிப் பதிந்தவர்கள் இருக்கிறார்கள். ரின் விண்ணப்பத்தில் ஒரு மாதிரியும் வங்கிப் படிவத்தில் ஒரு மாதிரியும் இருந்தால் இரண்டும் ஒருவரே என்று ஒரு சத்தியக்கடதாசி முடித்து வைப்பது நல்லது. இதை நான் எல்லாருக்கும் முதல் நாளே சொல்கிறேன். பிறகு தேடுவது கடினம்.

கனடாவில் இருந்து வருகிற அம்மாமாரின் கதை வேறு. ஆறு மாதம் ஸ்காபரோவில் மகன் வீட்டில், ஆறு மாதம் இங்கே. யாரைக் கேட்டாலும் "அரைவாசிதானே, எங்கையெண்டு சொல்றது?" என்பார்கள். கனடா நாள் கணக்கை மட்டும் பார்ப்பதில்லை. வீடு, கணவன் அல்லது மனைவி, தன்னில் தங்கி வாழும் பிள்ளைகள் என்று பிணைப்புகளைப் பார்க்கிறது. இரண்டு நாட்டுச் சட்டமும் ஒருவரைத் தன் வதிபவர் என்று சொல்லிவிட முடியும். அப்போதுதான் இலங்கைக்கும் கனடாவுக்கும் இடையிலான இரட்டை வரித் தவிர்ப்பு உடன்படிக்கை உதவிக்கு வரும். நிரந்தர வீடு எங்கே, வாழ்வின் மையம் எங்கே என்று அது படிப்படியாகக் கேட்டு ஒரு நாட்டைத் தீர்மானிக்கும்.

ஆனால் அந்த அம்மாமாரை உண்மையில் உறுத்துவது வரி இல்லை. ஒரு அம்மா கதவைச் சாத்திவிட்டு மெதுவாகக் கேட்டார்: "யாழ்ப்பாணம் எண்டு எழுதினா வயசுக் காசை வெட்டிப்போடுவாங்களோ?" மறைக்காமல் சொன்னேன். கனடாவின் முதியோர் ஓய்வூதியம், 18 வயதுக்குப் பிறகு 20 வருடம் அங்கே வாழ்ந்தவருக்கு உலகத்தில் எங்கே இருந்தாலும் கிடைக்கும். 20 வருடம் இல்லாதவர் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் நின்றுவிடும். குறைந்த வருமானக்காரருக்குக் கொடுக்கும் மேலதிகக் கொடுப்பனவு எவருக்கானாலும் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் நிற்கும். வங்கிப் படிவத்தில் எதை எழுதினாலும் இந்த விதிகள் மாறப்போவதில்லை. வங்கிக்கு ஒரு நாடும் ஓய்வூதிய அலுவலகத்துக்கு இன்னொரு நாடும் சொல்வதுதான் ஆபத்து. அந்த அம்மாவுக்கு 20 வருடம் தாண்டியிருந்தது. தெரிந்ததும் பேனையை எடுத்தார்.

இங்கே இருக்கும் வங்கிகள் கேட்கும் அமெரிக்கப் படிவம்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. 2010இல் அமெரிக்கா கொண்டுவந்த ஃபட்கா சட்டம், அமெரிக்கக் குடிமக்களும் கிரீன் கார்ட் வைத்திருப்பவர்களும் வெளிநாட்டில் வைத்திருக்கும் கணக்குகளைப் பற்றியது. சுன்னாகத்திலோ மானிப்பாயிலோ தனியே இருக்கும் அம்மாவுக்கு வசதியாக இருக்கட்டும் என்று நியூ ஜேர்சியில் இருக்கும் மகளின் பெயரையும் சேர்த்து இணைக் கணக்குத் திறப்பார்கள். உள்ளே இருப்பது அம்மாவின் காணி விற்ற காசு. மகள் அதில் ஒரு சதம் தொட்டதில்லை. ஆனாலும் இணைக் கணக்கில் முழு மிகுதியும் ஒவ்வொருவருக்கும் உரியதாகவே அறிக்கையிடப்படும். மகளின் எல்லா வெளிநாட்டுக் கணக்குகளும் சேர்ந்து வருடத்தில் ஒருநாளாவது 10,000 டொலரைத் தாண்டினால், மகள் அங்கே தனியாக ஓர் அறிக்கை கொடுக்கவேண்டும். கணக்குத் திறக்கும்போது இதை யாரும் சொல்வதில்லை. மகளின் பெயர் அவசரத்துக்கு மட்டும் தேவை என்றால், அம்மா தன் பெயரில் கணக்கை வைத்துக்கொண்டு இங்கே இருக்கும் நம்பிக்கையான ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் கொடுப்பதைப் பற்றி யோசியுங்கள் என்று நான் சொல்வேன். முடிவு அவர்களுடையது.

வங்கிக் கவுண்டர்களில் கேட்கும் ஒரு வசனம் மாறவேண்டும் என்று மனதார விரும்புகிறேன்: "நான் நிரப்பிறன், நீங்கள் கையெழுத்தை மட்டும் வையுங்கோ." வரிசை நீளம், வேலைக்கு ஆள் குறைவு, வயதானவருக்கு ஆங்கிலம் வாசிக்கக் கஷ்டம் எல்லாம் உண்மை. இளம் பிள்ளைகள் உதவி செய்கிற மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் படிவத்தின் அடியில் இருப்பது ஓர் உறுதிமொழி. வேறு நாட்டில் வரி வதிவிடம் "இல்லை" என்ற பெட்டியில் ஊழியர் ஒரு சரி அடையாளம் போட்டுக் கொடுக்க, லண்டனில் இன்னும் வீடு வைத்து அங்கே வரி கட்டிக்கொண்டிருக்கும் ஒருவர் கையெழுத்து வைத்த படிவத்தை நான் பார்த்திருக்கிறேன். அவரிடம் யாரும் கேட்கவில்லை; அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. திருத்திய படிவம் கொடுக்க அவர் விடுமுறையில் பாதி போனது. தமிழில் ஒரு பக்க விளக்கம் அச்சடித்துக் கவுண்டரில் வைத்தால் இது நடக்காது. ஒரு பக்கம் போதும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்லவேண்டும். அப்பாவின் படிவத்தை வட்ஸ்அப்பில் படம் பிடித்து வாங்கி அங்கேயிருந்து நிரப்பி அனுப்புகிறீர்கள். அப்பா எத்தனை நாள் எங்கே இருந்தார் என்பது அவருடைய கடவுச்சீட்டில்தான் இருக்கிறது, உங்கள் நினைவில் இல்லை. ஒரு தொலைபேசி அழைப்பில் அவரோடு சேர்ந்து நிரப்புங்கள். கடவுச்சொல்லோ, கைபேசிக்கு வரும் ஒருமுறைக் குறியீடோ கேட்கும் கடிதம் என்றால் அது வங்கியுடையது அல்ல, உடனே விட்டுவிடுங்கள்.

அந்தச் சூரிச் ஐயா மார்கழியில் திரும்ப வந்தார். மகளுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது, அம்மா போய் நீண்டகாலம் நிற்கப்போகிறார், தானும் பிறகு போகலாம் என்று யோசிக்கிறார். வங்கி திரும்பவும் கேட்குமா என்று கேட்டார். கேட்கும்முன் நாங்களே சொல்லவேண்டும் என்றேன். நிலைமை மாறினால் புதுப் படிவம் கொடுக்கவேண்டும் என்ற பொறுப்பு கணக்கு வைத்திருப்பவருடையது. கனடாப் படிவத்தில் அதற்கு 30 நாள் தவணை என்று எழுதியே இருக்கிறது. போவதற்கு முன் தன் ரின் இலக்கம், அனுப்பிய படிவத்தின் பிரதி, கிராம அலுவலரின் சான்றிதழ் மூன்றையும் ஒரு கோப்பில் போட்டு அம்மாவிடமும் ஒரு பிரதி கொடுக்கச் சொன்னேன். அம்மாவின் பெயரிலும் அங்கே ஒரு சேமிப்புக் கணக்கு இருப்பது அப்போதுதான் தெரியவந்தது. அவருக்கு வந்த கடிதம் இன்னும் பிரிக்கப்படவில்லை. அடுத்த நாள் இருவரும் சேர்ந்து கொண்டு வந்தார்கள்.