கொக்குவிலில் இருந்து ரொறன்ரோவுக்கு 28 ஒளிநாடாக்கள்

2002 இல் போர்நிறுத்தம் வந்து யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 வீதி திறந்தபோது, பன்னிரண்டு ஆண்டுகளாக ஊர்ப்பக்கம் வரமுடியாதிருந்த என் அண்ணா ரொறன்ரோவில் இருந்து உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு வீடியோக் கமராவுடன் வந்திறங்கினார். அந்த முறையும், அதன் பின் 2006 இல் வீதி மீண்டும் மூடப்படுவதற்குள் வந்த இரண்டு முறைகளும் அவர் எடுத்த 28 மினிடிவி நாடாக்கள் கொக்குவிலில் எங்கள் வீட்டு அலுமாரியில், ஒரு பிஸ்கட் பேணிக்குள் கிடந்தன. அப்பா காலமான பிறகுதான் அவற்றின் நினைவு எல்லோருக்கும் வந்தது. நாடாக்களைக் கணினிக்கு மாற்றி மூலக் கோப்புகளை அப்படியே அனுப்பும்படி அண்ணா கேட்டார். மாற்றுவது கடினமான வேலையாக இருக்கும், அனுப்புவது இலகுவாக முடிந்துவிடும் என்று நினைத்தேன். நடந்தது நேர்மாறு.

மாற்றும் வேலைக்கு ஃபயர்வயர் என்னும் பழைய வகைக் கம்பி இணைப்புள்ள ஒரு பழைய கணினியும் பழுதடையாத கமராவும் போதுமாக இருந்தன. மினிடிவியில் ஏற்கெனவே இலக்கமுறையில்தான் பதிவாகியிருக்கிறது என்பதால், ஒரு மணி நேர நாடாவை ஒரு மணி நேரம் ஓடவிட்டால் ஏறக்குறைய 13 ஜிகாபைட் கோப்பு ஒன்று கிடைத்துவிடும். 28 நாடாக்களுக்கும் சேர்த்து 364 ஜிகாபைட் வந்தது. அதைச் சுருக்கி அனுப்பினால் பத்தில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் சுருக்கும்போது இழக்கும் விவரத்தைப் பின்னர் மீட்க முடியாது என்பதாலும், தொகுக்கும் வேலையை அண்ணாவின் மகனான என் பெறாமகன் அங்கே செய்யவிருந்ததாலும் மூலக் கோப்பே வேண்டும் என்பதில் அண்ணா உறுதியாக நின்றார்.

யாழ்ப்பாணத்தில் இப்படியான தேவை வந்தால் எல்லோரும் முதலில் சொல்லும் வழி, "ஆராவது போனால் குடுத்துவிடுங்கோ" என்பதுதான். உண்மையில் அதுவே மிக விரைவான வழியும் கூட. 364 ஜிகாபைட் ஒரு பயணப்பெட்டியில் இரண்டு நாளில் போய்ச் சேர்ந்துவிடும். ஆயினும் முன்னர் ஒருமுறை ஒடியலுக்கும் மிளகாய்த்தூளுக்கும் நடுவில் வைத்து நாங்கள் கொடுத்துவிட்ட வன்தட்டு ஒன்று அங்கே போனதும் 'டிக், டிக்' என்று ஒலித்ததைத் தவிர வேறொன்றும் செய்யாததால், அண்ணாவுக்கு அந்த வழியில் நம்பிக்கை போயிருந்தது.

எனவே இணையம். வேகம் அளக்கும் தளத்தில் என் வீட்டு ஃபைபர் இணைப்பின் பதிவேற்ற வேகம் 10 என்று காட்டியதும், வினாடிக்குப் பத்து மெகாபைட் என்று நினைத்துப் பத்து மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். அந்த 10 மெகாபைட் அல்ல, மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். 364 ஜிகாபைட்டை எட்டால் பெருக்கிப் பத்து மெகாபிட்டால் வகுத்தால் இடைவிடாமல் 81 மணி நேரம் வரும். போதாக்குறைக்கு என் பொதியில் தாராளமாகத் தரவு கிடைப்பது நள்ளிரவு 12 மணி முதல் காலை 7 மணி வரைதான். அந்த இரவுப் பங்கும் மாதத்துக்கு 200 ஜிகாபைட். பதிவேற்றமும் அந்தக் கணக்கில்தான் கழியும். ஆகவே ஒரு மாதத்துக்குள் இது முடியாது என்பது தொடங்குவதற்கு முன்னரே தெரிந்துவிட்டது.

கூகுள் டிரைவில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிகாபைட்டுக்குள் ஒரு நாடாதான் அடங்கும். அதில் ஏற்றி, அவர்கள் இறக்கி, நான் அழித்து, அடுத்ததை ஏற்றுவது என்றால் 28 முறை இரு பக்கமும் ஆள் காத்திருக்க வேண்டும். பெரிய கோப்புகளை ஏற்றுக்கொள்ளும் வேறொரு பகிர்வுத் தளத்தில் முதல் நாடாவை ஏற்றிப் பார்த்தேன். 91 வீதம் போனபோது மின்சாரம் நின்றது. மடிக்கணினி மின்கலத்தில் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் ரவுட்டர் அணைந்துவிட்டது. மின்சாரம் வந்ததும் அந்தப் பக்கம் மீண்டும் பூச்சியத்தில் இருந்து தொடங்கியது. 2022 இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்த காலத்தில் வாங்கிய, மின்சாரம் நின்றாலும் ரவுட்டரை ஓடவைக்கும் மினி யூபிஎஸ் ஒன்று மேசை லாச்சிக்குள் கிடந்ததை அன்றிரவு தேடியெடுத்து ரவுட்டருக்குப் பூட்டினேன்.

நடுவில் எந்தத் தளமும் இல்லாமல் என் கணினியில் இருந்து நேரே தன் கணினிக்கே அனுப்பலாம் என்று சொன்னவர் பெறாமகன்தான். "சித்தப்பா, உங்கட ரவுட்டருக்குள்ள போய் வெளிப்பக்க ஐ.பி. முகவரி என்னவெண்டு பாருங்கோ" என்றார். 100.72 என்று தொடங்கும் ஒரு முகவரி அங்கே இருந்தது. 'என் முகவரி என்ன' என்று காட்டும் இணையத்தளமோ வேறொன்றைக் காட்டியது. 100.64 முதல் 100.127 வரையான முகவரிகள், பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைப்பதற்காக இணைய நிறுவனங்களுக்கென்று 2012 இல் ஒதுக்கப்பட்டவை என்று அவர் விளங்கப்படுத்தினார். அதாவது என் வீட்டில் இருந்து நான் வெளியே போகலாம். வெளியில் இருந்து ஒருவரும் நேரே என் படலையைத் தட்ட முடியாது. ரவுட்டரில் எந்தக் கதவைத் திறந்துவிட்டாலும் அதற்கு அப்பால் இருக்கும் கதவு என் கையில் இல்லை. நல்லவேளையாக ரொறன்ரோ வீட்டுக்குச் சொந்தமான பொது முகவரி இருந்தது. இருவரில் ஒருவரை அடைய முடிந்தாலே போதும், மற்றவர் போய்த் தட்டலாம்.

நாங்கள் தெரிவுசெய்தது சின்க்திங் என்னும் இலவச, திறந்தமூல மென்பொருள். கணக்குத் திறக்கவோ கடவுச்சொல் வைக்கவோ தேவையில்லை. ஒவ்வொரு கணினிக்கும் 56 எழுத்துகள் கொண்ட ஓர் அடையாளம் உருவாகும். என்னுடையதை அவரும் அவருடையதை நானும் வட்ஸ்அப்பில் அனுப்பி, இரு பக்கமும் ஏற்றுக்கொண்ட பிறகே இணைப்பு உண்டாகும். என் பக்கக் கோப்புறையை 'அனுப்ப மட்டும்' என்றும் அவர் பக்கத்தை 'பெற மட்டும்' என்றும் வைத்தோம். இதில் எனக்குப் பிடித்தது, கோப்பைத் துண்டு துண்டாகவே அது கையாள்கிறது என்பதுதான். 13 ஜிகாபைட் நாடா ஒன்று 8 மெபிபைட் (ஏறக்குறைய 8.4 மெகாபைட்) அளவிலான ஏறத்தாழ 1,550 துண்டுகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் அதன் உள்ளடக்கத்தில் இருந்து கணக்கிடப்படும் தனிக் கைரேகை உண்டு. வந்த துண்டு அதனோடு பொருந்தாவிட்டால் அதை மட்டும் திரும்பக் கேட்கும். இடையில் இணைப்பு அறுந்தால் வந்த துண்டுகள் வந்தவையே.

முதல் முயற்சியில் ஒரு கோப்பும் எழுதப்படவில்லை. அங்கே பூட்டியிருந்த பழைய வெளிவன்தட்டு, கோப்புகளை ஒழுங்குபடுத்தும் பழைய முறையான ஃபேட்32 இல் இருந்தது. அதில் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட எந்தக் கோப்பையும் எழுத முடியாது. அதை எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றியபின் முதல் இரவு ஓடியது, ஆனால் வினாடிக்கு 300 கிலோபைட்தான். திரையை உற்றுப் பார்த்தபோது இணைப்பு வகை 'ரிலே' என்று இருந்தது. இரு கணினிகளும் நேரே சந்திக்க முடியாதபோது தன்னார்வலர்கள் நடத்தும் இடைத்தரகுச் சேவையகம் ஒன்றின் ஊடாகத் தரவு போகிறது. அவர்களால் அதை வாசிக்க முடியாது என்றாலும் வேகம் அவர்கள் தருவதுதான். மறுநாள் பெறாமகன் தன் ரவுட்டரில் சின்க்திங் பயன்படுத்தும் கதவான 22000 ஆம் போர்ட்டைத் திறந்துவிட்டார். இணைப்பு நேரடியானது, வேகம் 1.1 மெகாபைட்டுக்கு ஏறியது. அதன் பின் ஓர் இரவுக்கு இரண்டு நாடாக்கள் என்பது வழக்கமாகிவிட்டது.

யூன் மாதம் என்பதால் எங்கள் நள்ளிரவு அவர்களுக்குப் பிற்பகல் இரண்டரை மணி. பெறாமகன் வேலையில் இருக்கும் நேரம் அது. வீட்டுக் கணினியோ தானாகத் தூங்கப் போய்விடும். அப்படி ஓர் இரவு முழுவதும் வீணாயிற்று. அதன் பின் பொறுப்பேற்றவர், கணினியைத் தொடவே விரும்பாத அண்ணி. எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று மகன் ஒரு தாளில் படம் வரைந்து கொடுத்திருந்தார். ஒவ்வொரு நாளும் எங்கள் நேரம் பன்னிரண்டு ஐந்துக்கு வட்ஸ்அப்பில் ஒரு வரி வரும்: "தம்பி, அமத்திட்டன். ஓடுது." எங்கள் காலை ஏழு மணிக்கு முன்னர், அதாவது அங்கே இரவு ஒன்பதரைக்குள், அவரே நிறுத்தியும் விடுவார். நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

கோப்புகள் எந்த ஒழுங்கில் வரவேண்டும் என்பதைப் பெறும் பக்கத்தில் 'அகரவரிசை' என்று மாற்றுவது நல்லது. இல்லாவிட்டால் அது எழுந்தமானமாக எடுக்கும். 01, 02 என்று பெயரிட்டிருந்ததால் ஒவ்வொரு நாடாவாக முழுமையாகப் போய்ச் சேர்ந்தது. முதலாம் நாடா சேர்ந்த அன்று அண்ணா எடுத்துப் பார்த்தார். அப்பா கிணற்றடியில் நின்று, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு கமராவைப் பார்த்து, "இது ஓடுதோ?" என்று கேட்கும் இடத்தில் நிறுத்திவிட்டு என்னை அழைத்தார். அன்று கோப்புகளைப் பற்றி நாங்கள் கதைக்கவில்லை.

இரவுப் பங்கு 22 ஆம் திகதி தீர்ந்தது. அப்போது 14 நாடாக்கள் முழுமையாகச் சேர்ந்திருந்தன. 15 ஆவது பாதிக்கு மேல் போயிருந்தது. மறுமாதம் முதலாம் திகதி விட்ட இடத்தில் இருந்து தொடரும் என்றுதான் எதிர்பார்த்தேன். ஆனால் 15 ஆவது நாடா தொடக்கத்தில் இருந்தே போகத் தொடங்கியது. அரைகுறையாக வந்த தற்காலிகக் கோப்பை இந்த மென்பொருள் 24 மணி நேரம்தான் வைத்திருக்கும் என்பதும், மேம்பட்ட அமைப்புகளில் அந்த எண்ணை முன்னரே கூட்டியிருக்கலாம் என்பதும் பிறகே எங்களுக்குத் தெரிந்தது. ஓர் இரவுக்கும் அடுத்த இரவுக்கும் இடையில் 17 மணி நேரம் மட்டுமே இருந்ததால் அதுவரை அந்த எல்லையில் நாங்கள் முட்டவில்லை. ஏறக்குறைய 8 ஜிகாபைட் வீணாயிற்று. நாட்கணக்கில் இடைவெளி விடப்போகிறவர்கள் அந்த எண்ணை முதலிலேயே மாற்றிவிட வேண்டும்.

யூலை இரண்டாம் வாரத்தில் 28 உம் போய்ச் சேர்ந்தன. மென்பொருள் தானே சரிபார்க்கிறது என்று பெறாமகன் சொன்னபோதும் என் மனம் கேட்கவில்லை. விண்டோஸிலேயே இருக்கும் கட்டளை ஒன்றால் ஒவ்வொரு கோப்புக்கும் இரு பக்கமும் எஸ்.எச்.ஏ-256 கைரேகையை எடுத்து, ஒவ்வொன்றிலும் கடைசி ஆறு எழுத்துகளை நான் தொலைபேசியில் வாசிக்க அண்ணா அங்கே சரி போட்டுக்கொண்டு வந்தார். 28 உம் பொருந்தின.

இடம் மீதப்படுத்துவதற்காக என் மடிக்கணினியில் இருந்து கோப்புகளை அழிக்கப் போனபோது பெறாமகன் பதறிப்போய்த் தடுத்தார். இது இரு கோப்புறைகளையும் ஒன்றுபோல வைத்திருக்கும் மென்பொருள்; நான் இங்கே அழித்தால் அந்த அழிப்பும் ஒரு மாற்றமாகப் போய் அங்கேயும் அழித்துவிடும். எனவே முதலில் இரு பக்கமும் பகிர்வை நீக்கினோம். பிறகு ஒரு பிரதியை இங்கே வேறொரு வன்தட்டில் எழுதி, மடிக்கணினியில் இருந்ததை அழித்தேன். நாடாக்களை ஈரம் உறிஞ்சும் சிறு பைகள் இரண்டுடன் மறுபடியும் பிஸ்கட் பேணிக்குள் வைத்திருக்கிறேன். அடுத்த முறை வரும்போது கமராவையும் நாடாக்களையும் தானே கொண்டுபோவதாக அண்ணா சொல்லியிருக்கிறார்.